கேள்வி நேரத்தை நான் வெட்டிய புதன்கிழமை

1. ஹால் நிறைய வேண்டும்

"மிஸஸ் ராணி, ஸ்டூடண்ட்ஸ் மட்டும் வர்றதுக்கு எதுக்கு பப்ளிக் டாக்னு போர்டு? இந்தப் புதன் ஹால் நெறையலன்னா குளோஸ் பண்ணிடலாம்லா," என்றார் டீன். திங்கட்கிழமை காலை. நான் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மலேசியாவில் சிரம்பான் நகருக்கு வெளியே, முன்பு ரப்பர் எஸ்டேட்டாக இருந்த நிலத்தில் இருக்கிறது எங்கள் யுனிவர்சிட்டி காலேஜ். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரிவில் நான் லேப் டெக்னீஷியன். புதன்தோறும் மூன்று மணிக்கு ஓர் உரை நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். பேச்சாளரைக் கூப்பிடுவது, மைக், புரொஜெக்டர், டீ எல்லாம் என் தலையில். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னமும் புதன் மதியம் வந்தால் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

மாணவர்கள் வருவது மெரிட் பாயிண்டுக்காக. திரையில் கியூஆர் கோடு காட்டுவேன். போனில் ஸ்கேன் செய்தால் வருகை பதிவாகும். முதலில் ஆரம்பத்திலேயே காட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் செய்த கையோடு பின்கதவு வழியாகக் கம்பி நீட்டினார்கள். அதனால் கேள்வி நேரமும் முடிந்த பிறகுதான் கோடு என்று மாற்றினேன்.

எஸ்டேட் லயத்தில் பிறந்த நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இருபத்தாறு வயதில். எங்கள் ஆட்களும் வந்து உட்கார்ந்து கேட்கட்டும் என்று மல்லுக்கட்டி ஆரம்பித்த தொடர் இது. அதை மூட விடுவதாயில்லை. பக்கத்தில் ராசா என்ற ஊரின் கோயில் மாதர் குழு வாட்சப்பில், "டீ, கறிபாப் பலகாரம் உண்டு, வேன் வரும்" என்று போட்டுவிட்டேன்.

2. முதல் மைக்

வெளியிலிருந்து உண்மையாகவே வந்துகொண்டிருந்தவர் ஒருவர்தான். சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை செய்யும் சாமிநாதன். நாற்பது வயது இருக்கும். யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அந்தப் புதன் இரண்டரைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இன்னிக்கு கேமராவப் பத்திதானே பேசறாங்க?"

"ஆமா தம்பி. கேமரா எப்படிப் பொருளப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்குதுன்னு. கோலாலம்பூர்லேர்ந்து ஒரு லெக்சரர் வர்றாங்க."

"எங்க லைன்ல அதான் போட்டிருக்காங்க. நான் செக் பண்ணி ஓகேன்னு அனுப்பறத அது ரிஜெக்ட் பண்ணுது. எடுத்துப் பார்த்தா ஒன்னுமே இல்ல. சூப்பர்வைசர் கேமரா பொய் சொல்லாதுங்கறாரு. ரெண்டு வார்னிங் லெட்டர் வாங்கிட்டேன். மூணாவது வந்தா வேல போச்சு. கேமரா தப்புப் பண்ணுமா, பண்ணா அத எப்படிக் காட்டறது? இத மட்டும் கேக்கணும். நாலரைக்கு ஜங்ஷன்ல பேக்டரி பஸ்."

"நாலு மணிக்குக் கேள்வி நேரம். மொத மைக் ஒங்களுக்குத்தான்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

3. கைகள்

ஹால் நிரம்பியது. ராசா பெண்களே இரண்டு வேன். டீன் முன்வரிசையில். நான் கதவுக்கும் புரொஜெக்டருக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மூன்றரைக்கே கறிபாப் வாசனை வந்து பெண்கள் பக்கம் சலசலப்பு. "எத்தன மணிக்கும்மா முடியும்?" என்று ஒருவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். லெக்சரர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் நான்கு மணியைத் தாண்டிவிட்டார். அவர் முடித்ததும் டீன் எழுந்தார்.

"எனக்கு மீட்டிங் இருக்கு. கோடு போடுங்க, நம்பரப் பார்த்துட்டுப் போறேன்."

"சார், கேள்வி நேரம் இருக்கே."

"டீ குடிக்கறப்போ கேக்கட்டும்லா."

கூட்டம் கலைந்தால் எண்ணிக்கை போய்விடும் என்கிற பதற்றம் எனக்கு. போட்டுவிட்டேன். உடனே ஹால் முழுக்கக் கைகள் உயர்ந்தன, எல்லாவற்றிலும் போன். கடைசி வரிசையில் சாமிநாதனும் கையைத் தூக்கியிருந்தார். அத்தனை கைகளுக்கு நடுவில் லெக்சரருக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்தது. மைக்கும் என்னிடம்தான் இருந்தது. நான் டீன் பக்கம் திரும்பி எண்ணிக்கையைச் சொன்னேன். மறுபடி பார்த்தபோது எல்லோரும் டீ மேசைக்கு நகர்ந்திருந்தார்கள். சாமிநாதன் வெளியே போய்க்கொண்டிருந்தார்.

மனசு கேட்கவில்லை. அவருடைய கேள்வியை நானே லெக்சரரிடம் கேட்டேன்.

"இதானா ஆண்ட்டி? வெளிச்சம் மாறுனாலே கேமரா தப்பாச் சொல்லும். ரிஜெக்ட் பண்ண அதே பீஸ அஞ்சு தடவ விடச் சொல்லுங்க. பதில் மாறிச்சுன்னா கேமராதான் பிரச்சன."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. சே, இதற்கா நேரமில்லை என்றேன்?

வருகைப் புத்தகத்தில் சாமிநாதன் எழுதியிருந்த நம்பருக்கு அடித்தேன். ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்களாம். மறுநாள் காலையில்தான் எடுத்தார். லெக்சரர் சொன்னதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"நேத்து உள்ள போனதுமே மூணாவது லெட்டர் குடுத்துட்டாங்க அக்கா. கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த ஷிஃப்ட்தான் கடைசி." பிறகு அவரே, "பரவால்ல. லைன்ல இன்னும் நாலு பேரு இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லிடறேன்," என்றார்.

அவர் திட்டியிருந்தால் தேவலாம்.

தொடர் பிழைத்தது. டீன் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, கடைசிக் கேள்வி முடியாமல் நான் கோடு போட்டதே இல்லை. டீன் கத்தினார், மாணவர்கள் முணுமுணுத்தார்கள், நான் அசையவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தலைகளை எண்ணும் முன், அன்றைக்கு யாருக்குப் பதில் வேண்டும் என்று பாருங்கள். அந்தப் புதன்கிழமை ஹால் நிறைந்திருந்தது. கேட்க வந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் பதில் இல்லாமல் பஸ்ஸுக்கு அனுப்பினேன்.