ஆயாக் கொட்டாயில் தொங்கிய பட்டணத்துச் சின்னம்

1. அரிசி லாரி

லாரி வந்து நின்றதும் அரிசிதான் வந்திருக்கிறது என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும் ஓடினோம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் லாரிச் சத்தம் கேட்டால் இரண்டில் ஒன்று. அரிசி வரும், இல்லாவிட்டால் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க வருவார்கள். அதனால் ஆண்கள் காட்டுப் பக்கம் ஓடினார்கள், நாங்கள் லாரிப் பக்கம் ஓடினோம். லாரியிலிருந்து இறங்கியது ஒரு மரப்பலகை.

சின்னப் பலகை இல்லை. நாலு பேர் தூக்கினார்கள். கேடயம் மாதிரி வடிவம். நடுவில் ஒரு குன்று, கீழே ஆறு, இரண்டு பக்கமும் நெற்கதிர், எல்லாம் செதுக்கு வேலை. உச்சியில் இருந்த வெள்ளைக்காரன் கிரீடத்தை மட்டும் யாரோ ரம்பம் போட்டு அறுத்திருந்தார்கள். அது பட்டணத்தின் நகரச் சின்னமாம். எங்கள் தாத்தா கப்பலேறி வந்த காலத்துக்கும் முந்தியதாம். விறகுக்குப் போகவிருந்ததை எங்கள் தோட்டத்து ஜப்பான் தொரை பார்த்துவிட்டு, இது இந்த மண்ணின் ஆட்கள் செதுக்கியது, மரியாதையாக வைக்க வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார். வயிறு காய்கிற தோட்டத்துக்குப் பலகை வந்த லட்சணம் இது.

இன்றைக்கு தாஸ்கா என்கிற காப்பகங்களில் பிள்ளை பார்க்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அப்போது ஆயாக் கொட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாமார்கள் விடியுமுன் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். வயது முப்பது கூட ஆகவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் நான் ஆயாதான். பலகைச் சுவர், தகரக் கூரை, உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். சண்டைக்கு முன்னால் பால் மாவு கொடுத்தார்கள். ஜப்பான்காரன் வந்தபின் அதுவும் நின்றது. மரவள்ளிக் கஞ்சியும் ஒழுகாத கூரையும்தான் மிச்சம். அந்தக் கூரைக்குத்தான் ஆபத்து வந்தது.

2. இடம் பார்த்த கூத்து

தொரை நாலு நிபந்தனை போட்டார். சின்னம் எல்லார் கண்ணிலும் பட வேண்டும். மழையில் நனையக் கூடாது. மனிதன் தலைக்கு மேலே இருக்க வேண்டும். சூரியன் உதிக்கிற பக்கம் பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார். அலைவது யார்? ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சதாசிவம், எங்கள் கங்காணி, இவர்களுக்குப் பின்னால் பலகையைச் சுமந்த நாலு பாவப்பட்ட ஆட்கள்.

ஆபீசில் வைக்கலாம் என்றார் கிராணி. அங்கே ஏற்கெனவே அவர்கள் சக்கரவர்த்தி படம் இருந்தது. படத்துக்கு மேலே வைத்தால் படத்துக்கு அவமரியாதை, கீழே வைத்தால் சின்னத்துக்கு அவமரியாதை, பக்கத்தில் வைத்தால் இரண்டும் சமமா என்று கேள்வி வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வைக்கலாம் என்றால் அங்கே சுவரே கிடையாது. அரை நாள் இதிலேயே போனது. நான் கொட்டாய் வாசலில் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கங்காணிக்குக் கோயில்தான் வேண்டும். கோயில் தலைவர் அவர்தான், இந்தச் சாக்கில் முன்மண்டபத்துக்குச் சாயம் கிடைக்கும் என்ற கணக்கு.

"நம்ம மாரியம்மா வாசல்ல மாட்டுனா ஊரே பாக்கும். வேற எங்க வச்சாலும் அது வெறும் பலகதான்லா" என்றார்.

மாட்டினார்கள். கோயில் வாசலில் ஒரு பொருளை உயரத்தில் வைத்து, பெரிய மனிதர்கள் கை கட்டி நின்றுவிட்டுப் போனால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? மறுநாள் பொழுது விடிந்தபோது குன்றுக்கு விபூதிப் பட்டை, ஆற்றுக்குக் குங்குமம், கதிர்களில் மஞ்சள் துணி முடிச்சுகள். சயாமுக்குப் போன புருஷன்மார் திரும்ப வேண்டும் என்று வேண்டுதல். "அடி மக்குகளா, அது பட்டணத்துக்காரன் பலக, சாமியில்ல" என்று நானும் போய்த் திட்டிப் பார்த்தேன். காமாட்சி என்ற பெண் மட்டும் திரும்பிப் பார்த்து, எந்தச் சாமி இதுவரைக்கும் காதில் வாங்கியது, இது புதுசு, இதுக்காவது கேட்கட்டும் என்றாள். அவள் புருஷனைக் கொண்டுபோனபோது அவள் வயிற்றில் பிள்ளை. இப்போது அந்தப் பெண் குழந்தை என் தூளியில் கிடந்தது.

தொரை வந்து குங்குமத்தைப் பார்த்தார். கிராணியின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். மதியத்துக்குள் பலகையைக் கழற்றித் துடைத்து வைத்தாயிற்று.

3. கொட்டாய் காலி

சாயங்காலம் கிராணி என்னிடம் வந்தார். வழக்கமாக வாசலில் நின்று பேசுகிறவர், அன்றைக்கு உள்ளே நுழைந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ராக்கு, கொட்டாயக் காலி பண்ணிக் குடு. நாளைக்கு ஆணி அடிக்கணும்."

"புள்ளைங்க எங்கங்க போவும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு இன்னும் ஒரு கன்னந்தான் பாக்கி" என்றார்.

நாலு நிபந்தனையும் என் கொட்டாய்க்குத்தான் பொருந்தின. எல்லாரும் நடக்கிற பாதை, நனையாத கூரை, உயரமான சுவர், கிழக்கு வாசல். பிள்ளைகளுக்கு நல்லது என்று எவனோ ஒரு புண்ணியவான் பார்த்துப் பார்த்துக் கட்டியது. அதுவே வினையாகப் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் தூளிகளை அவிழ்த்தேன். பிள்ளைகளை எல்லாம் ரப்பர் தாள் உலர்த்துகிற பழைய புகைவீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே சுவர் முழுக்கக் கரி, கூரையில் ஓட்டை. தவழ்கிற பிள்ளை பத்தடி போவதற்குள் கறுத்துவிடும். அன்றைக்குப் பார்த்து மழை வேறு. ஒரு மூலையில் எல்லாப் பிள்ளைகளையும் ஒட்டி உட்கார வைத்து, தலைக்கு மேலே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் காமாட்சியின் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மூச்சு இழுத்தது. மருந்துக் கொட்டாயில் மருந்து இல்லாமல் போய் எத்தனையோ மாதம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பலகை நனையக் கூடாதாம், பிள்ளைகள் நனையலாமாம்.

இதோடு விட்டார்களா? தினமும் காலையில் கொட்டாயில் மாட்டிய அந்தப் பலகையைத் தூசி தட்டுவது ஆயாவின் வேலை என்று கிராணி சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

4. ஒப்படைப்பு

மறுநாள் கருக்கலில் தூசி தட்டக் கதவைத் திறந்தேன். பின்னாலேயே காமாட்சி என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். சின்னத்துக்கு நேர் கீழே பாயைப் போட்டு, குழந்தையைக் கிடத்தி, பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னால காப்பாத்த முடியல. இனி இது ஒன் புள்ள. நீயே பாத்துக்க" என்றாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

இளையவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். பிள்ளை தங்காத வீட்டிலும், நோயில் கிடக்கிற பிள்ளைக்கும் எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வார்கள். சாமி முன்னால் கிடத்தி, உனக்கே கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். அதன்பின் அது சாமி பிள்ளை. பெற்றவள் சாமிக்காகத்தான் வளர்க்கிறாள். உடம்பு தேறி வளர்ந்தபின் ஒரு பிடி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஆனால் சாமிக்குத்தான் கொடுப்பார்கள். பட்டணத்துப் பலகைக்குக் கொடுத்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பைத்தியக்காரி என்று வாய்விட்டே திட்டினேன்.

திட்டி முடிப்பதற்குள் அடுத்தவள் வந்தாள். புகைவீட்டுக்குப் போகிற வழியில் கதவு திறந்திருப்பதைப் பார்த்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருத்தியும் கிடத்தினாள், ஒப்படைத்தாள், கத்தியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நோய் இல்லாத பிள்ளையையும் கொடுத்தார்கள். வெளிச்சம் வந்தபோது கொட்டாய்த் தரை முழுக்கப் பிள்ளைகள். ஒன்று அழுகிறது, ஒன்று ஆணியைப் பார்த்துச் சிரிக்கிறது. நடுவில் துடைப்பத்தோடு நான். அந்த நேரம் பார்த்து தொரை வந்தார், பின்னால் கிராணி.

தொரை தரையைப் பார்த்தார், சின்னத்தைப் பார்த்தார். மலாயில் ஏதோ கேட்டார். கிராணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மனுஷன் அழுதுவிடுவார் போலிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "புள்ளைங்கள எல்லாம் அதுக்கே குடுத்துட்டோம்னு சொல்லுங்க. இனிமே அதோட புள்ளைங்க. அத விட்டு வேற எங்கயும் வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

கிராணி சொன்னார். தொரை தொப்பியைக் கழற்றினார். சின்னத்தின் முன்னால் இடுப்பு வளைய வணங்கினார். இந்தப் பிள்ளைகளை யாரும் இங்கிருந்து நகர்த்தக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றியது அவர்தான். பலகையிடம் காட்டிய மரியாதையில் ஒரு துளியை மனிதர்களிடம் காட்டவில்லை. ஆனால் எனக்குக் கூரை திரும்பக் கிடைத்தது. அன்றைக்கே தூளிகளைக் கட்டினேன். ஒரு தூளியின் கயிற்றைச் சின்னம் மாட்டியிருந்த ஆணியிலேயே கட்டினேன், நல்ல உறுதியான ஆணி. காமாட்சியின் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்க நாளானது. கஷாயமும் ஈரமில்லாத தரையும் காப்பாற்றின என்று நான் சொல்வேன். காமாட்சி ஒத்துக்கொள்ளமாட்டாள்.

5. தவிடு

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமுக்குப் போனவர்களில் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அடையாளமே தெரியாத உடம்போடு வந்தார்கள். காமாட்சியின் புருஷன் வரவில்லை. வந்தவர்களிடம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்த்ததாக ஒருவனும் சொல்லவில்லை.

பிறகு, பட்டணத்துச் சின்னத்தை எடுத்துப்போக ஆள் வருகிறது என்று தகவல் வந்தது. பெண்களுக்குக் கைகால் ஓடவில்லை. பிள்ளையை வாங்காமல் விட்டால் அது இன்னொருத்தர் பிள்ளையாகவே போய்விடுமே. தோட்டத்தில் அரிசியே இல்லை, தவிட்டுக்கு எங்கே போக? பக்கத்துக் கிராமமான கோலா சாவா கம்பத்து மலாய்க்காரப் பெண்களிடம் போய்க் கேட்டு, நெல் குத்திய தவிட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள்.

சட்டைப் பையில் பேனா குத்திய இரண்டு பேர் வந்திருந்தார்கள். பலகையை இறக்கும்போதே, திரும்பக் கொண்டுபோய் எங்கே மாட்டுவது, கூடத்திலா வாசலிலா, மழை படுமா, எல்லார் கண்ணிலும் படுமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டு எனக்குத் தலை வலித்தது. பலகையைக் கொட்டாய் வாசலில் சாத்தி வைக்கச் சொன்னேன். பெண்கள் வரிசையில் வந்து ஒரு பிடி தவிட்டை அதன் காலடியில் போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையாக நான் எடுத்துக் கையில் கொடுத்தேன். ஒரு பேனாக்காரர் கைக்கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காமாட்சி கடைசியாக வந்தாள். ஒரு பிடி போட்டாள், பிள்ளையைக் கொடுத்தேன். இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகவில்லை. முந்தானையிலிருந்து இன்னொரு பிடி எடுத்துப் போட்டாள்.

"இது எதுக்குடி?" என்றேன்.

"அவருக்கு. அவரையும் இதுக்கிட்டதான் ஒப்படைச்சிருந்தேன்" என்றாள்.

கையை நீட்டியபடி நின்றாள். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

ஆட்கள் பலகையைத் தூக்கினார்கள். ஒட்டியிருந்த தவிட்டைக் கைக்கடியாரக்காரர் கைக்குட்டையால் தட்டப் போனார். பெண்கள் பார்க்கிறார்கள், லாரி வளைவு திரும்புகிற வரைக்கும் தொடாதீர்கள் என்று சொன்னேன். என் குரலில் என்ன இருந்ததோ, கையை இழுத்துக்கொண்டார்.

அந்த வேலையில் நான் படித்தது ஒன்றுதான். ஒன்றை எங்கே வைக்கலாம் என்று இடம் பார்க்க வருகிறவர்கள், அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும், அவர்கள் ஆணி அடிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

மறுநாள் கருக்கலில் காமாட்சி வழக்கம்போல வந்தாள். பிள்ளையைத் தூளியில் போட்டாள். வெறுஞ்சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெரட்டுக்கு நேரமாகிறது என்று போனாள்.