பெரிய எண் போட்ட பெட்டி

ஜொகூர் மாநிலச் சிற்றூரான ரெங்கத்தில் செல்வராணியைத் தெரியாத கடைக்காரர் இல்லை. அவள் குரலைக் கேட்டவர்கள்தான் குறைவு. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். குளுவாங் பலகைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் எது சொன்னாலும் "தெரியும்" என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள்.

ஒரு வெள்ளத்தின்போது கைப்பேசிகள் எல்லாம் செத்துக் கிடக்க, நிவாரண மண்டபத்தில் ஒருவர் கையடக்க வானொலியில் வெளியூரோடு பேசிக்கொண்டிருந்ததைக் கண்டாள். அன்று பிடித்த ஆசை. தேர்வில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறி, வானொலி உரிமம் வாங்கினாள். செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தாள்.

மேலிருந்து வரும் குரல்கள் அவள் வீட்டில் கொசு முனகுவதுபோல் கேட்டன. ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே மாட்டி, வரும் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் பிரீஆம்ப் என்ற சின்னப் பெட்டி ஒன்று வேண்டும் என்றார்கள். குழுவை நடத்தும் ஜொகூர் பாரு ஹேமநாதன் குரல்செய்தி அனுப்பினான்.

"ராணிக்கா, ஃபில்டர் வச்சதா, வைக்காததா? நீங்க நூத்தி நாப்பத்தஞ்சு மெகாஹெர்ட்ஸ்ல பேசி, நானூத்தி முப்பத்தஞ்சுல கேக்கப் போறீங்க. பார்த்து எடுங்க லா."

ஃபில்டர் என்றால் தண்ணீர்க் குழாயில் மாட்டுவதுதான் அவளுக்குத் தெரியும். கேட்டிருக்கலாம். ஆனால் குழுவில் பாதிப் பேர் இன்ஜினியர்கள்.

"தெரியும் தம்பி," என்று எழுதினாள்.

இணையக் கடையில் ஒரு பெட்டியில் ஃபில்டருடன் பதினெட்டு டெசிபெல் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் முப்பது. எண் பெரிது, அதிகம் தூக்கும் என்று முப்பதை வாங்கினாள்.

அந்தச் சனிக்கிழமை குழுவிலிருந்த செல்லப்பன் அண்ணன் மெர்சிங்கிலிருந்து படகேறி ஒரு தீவுக்குப் போயிருந்தார். அங்கிருந்து யாரும் செயற்கைக்கோளில் பேசியதில்லை. வானொலியில் அவரைப் பிடித்துப் பேச வேண்டுமென்று குழுவே காத்திருந்தது. செயற்கைக்கோள் தலைக்குமேல் கடக்கும் சில நிமிடங்கள்தான் நேரம். ஒரு சமயத்தில் ஒருவர் குரலைத்தான் அது தாங்கும்.

சாயங்காலம், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில், பெட்டியை மாட்டிய ஆன்டெனாவை உயர்த்திப் பிடித்தாள். செல்லப்பன் குரல் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் கணீரென்று கேட்டது. மனசு துள்ளியது. பேசும் பித்தானை அழுத்தினாள். சட்டென்று எல்லாம் ஊமையானது.

தன் குரல் மேலே போய்த் திரும்பி வருவதைக் கேட்ட பிறகே, உரிமத்தோடு தந்த அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எனவே "ஹலோ, ஹலோ" என்றாள். வரவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். விரலை எடுக்காமல், ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். கை வலித்து விரலை எடுத்தபோது, செயற்கைக்கோள் தென்னைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அலமாக்! யாரு அந்த ஹலோ?"

"செயற்கைக்கோள் போன நேரம் முழுக்க ஹலோதான். செல்லப்பன் அண்ணன யாராலயும் பிடிக்க முடியல, பாவம்."

"வாய் மட்டும் இருக்கு, காது இல்ல."

குழுவில் பெண் அவள் ஒருத்திதான், குரலே காட்டிக்கொடுத்திருக்கும். யாரும் பெயர் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குறுக வைத்தது. குழுவைவிட்டு வெளியேறும் இடத்துக்கே விரல் போனது. போனால் இனி யாரோடு பேசுவது? வானொலியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைக்க வேண்டியதுதான்.

உட்கார்ந்து எழுதினாள்: "அது நான்தான். ஃபில்டர்னா என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

ஹேமநாதன் உடனே போன் செய்தான். "அக்கா, அந்தப் பெட்டி வர்றதெல்லாத்தையும் தூக்கும். பக்கத்துலயே நீங்க பேசுறீங்க இல்ல, அதையும் சேர்த்துத் தூக்கி, செவிடாயிடும். நானூத்தி முப்பத்தஞ்ச மட்டும் உள்ள விடுறதா எடுங்க, அதான் ஃபில்டர். பதினெட்டே போதும். அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே க்கா."

அன்றே பதினெட்டை ஆர்டர் செய்தாள். குழுவைத் திறந்தபோது செல்லப்பனின் செய்தி இருந்தது.

"போறப்ப படகுல ஒரே வாந்தி, ராணி. பரவால்ல, அடுத்த மாசம் மறுபடி போறேன். அதுக்குள்ள பெட்டிய மாட்டிரு. மொதல்ல உன்னத்தான் கூப்பிடுவேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். முகம் இன்னும் எரிந்தது.