பம்பர் பிளாஸ்டிக்கில் அறுத்த பிக்

கிடார் தந்தியை மீட்ட விரலிடுக்கில் பிடிக்கிற பிக்கில் எது நல்லது என்று யாராவது கேட்டால், முதலில் கையைக் காட்டச் சொல்வேன். மெல்லிய பிக் வளைந்து கொடுக்கும். ஆறு தந்தியையும் ஒரே வீச்சில் வருடித் தாளம் பிடிக்கிறவனுக்கு அதுதான் சரி. தடித்தது வளையாது; ஒவ்வொரு தந்தியாக அடித்து வாசிக்கிறவனுக்கு அது. என்னுடையது அடிக்கிற கை. கடையில் வாங்கிய பிக் எதுவும் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்காது. பென்னலூர் சர்ச்சில் நான் தந்தியை அறுக்காத ஞாயிற்றுக்கிழமைகள் குறைவு. ஆட்களிடமும் அப்படித்தான். கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்காக ஒருவன் மூக்கை உடைத்திருக்கிறேன். கேன்டீனில் சாம்பார் வாளியைத் தூக்கி ஒருவன் மேல் எறிந்திருக்கிறேன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஒரகடம் பக்கம் கார் பம்பர் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. அச்சிலிருந்து சூடாக வரும் பம்பரின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவ வேண்டும். கழித்துப்போட்ட பம்பர் ஒன்றிலிருந்து ஒருநாள் சின்னத் துண்டை அறுத்து, முக்கோணமாகச் சீவி, உப்புத்தாளில் தேய்த்தேன். கருப்பாக, கனமாக, எனக்கென்றே செய்ததுபோல் ஒரு பிக். அரவை மெஷினுக்குப் போகிற கழிவுதான். ஆனாலும் கேட்டைத் தாண்டி ஒரு தூசிகூட வெளியே போகக் கூடாது. போனால் திருட்டு, வேலை காலி. அது தெரிந்தேதான் எடுத்துப்போனேன்.

என் மனைவியின் தம்பி அதே கம்பெனியில் டிரெய்னி. இன்னும் ஒரு மாதம் போனால் மூன்று வருடம் முடிந்து பர்மனென்ட் ஆகிவிடுவான். சர்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய பிக்கால் தாளம் பிடிப்பான்.

"இன்னாடா, கிடார் வாசிக்கிறியா, கொசு ஓட்டிக்கினு கீறியா?" என்றேன் ஒருநாள்.

"தடியா இருந்தா தந்தில மாட்டிக்குது மாமா. தாளம் வுட்டுப்போவுது."

அவன் சொன்னது சரி. பாடுகிறவர்கள் அவன் தாளத்தைப் பிடித்துத்தான் பாடினார்கள். நான் எவ்வளவு அடித்தாலும் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சர்ச் வாசலிலேயே அவன் பிக்கை வாங்கி இரண்டாக ஒடித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை டீ பிரேக்கில் புதிதாக ஒன்று சீவி அவன் சட்டைப்பையில் திணித்தேன். வேண்டாம் மாமா என்று எடுத்து நீட்டினான். அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். "வச்சுக்கோன்னா வச்சுக்கோ. ஞாயித்துக்கிழம இதுலதான் நீ வாசிக்கிற."

அன்று மதியம் ஷிஃப்ட் விட்டதும் கேட்டில் புது செக்யூரிட்டி ஆபீசர் நின்றார். ஒவ்வொரு பையாகக் கைவிட்டுப் பார்த்தார். என் பர்சிலும் ஒரு பிக் இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டு நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டேன். மச்சான் எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றான். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. சட்டைப்பையில் இருந்த பிக் ஆபீசர் கையில் சிக்கியது.

"எங்கடா எடுத்த?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"கீழ கெடந்துது சார்."

அறை விழுந்த சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. அடுத்தது புறங்கையால். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. வெளியே பஸ்கள் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. வரிசையில் எல்லோருக்கும் பஸ் போய்விடுமே என்ற கவலை. யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தால் பிக் விழுந்துவிடும். கார்டைப் பிடுங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வராதே என்று அவனை வெளியே தள்ளினார்கள்.

வீட்டில் என் மனைவி தம்பியின் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். "ஏன்டா அத்த எடுத்தே? ஒரு மாசம் பொறுத்துக்கக் கூடாதா?" அவன் என் பெயரைச் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் நிற்க நிற்க எனக்குள் ஏதோ கொதித்தது. பயமா, வெட்கமா, அப்போது தெரியவில்லை. "அறிவில்லடா உனக்கு?" என்று கத்திக்கொண்டே போய், ஏற்கெனவே வீங்கியிருந்த அதே கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் கை மத்தியானம் எங்க போச்சு மாமா? மூணு ஆள் பின்னாடிதான நின்னுக்கினு இருந்துது?"

என்னை வாங்க போங்க என்றே பேசிப் பழகியவள் என் மனைவி. "அது உன்னுதா?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஆபீஸில் போய் உண்மையைச் சொல்லச் சொன்னாள். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ் ஏறினேன். கார்டைத் தேய்த்தேன். ஆபீஸ் கதவைத் தாண்டிப் போய் லைனில் நின்றேன். மச்சான் இடத்துக்கு ஆள் இல்லை, ஷிஃப்ட் முடிந்ததும் அவன் வேலையை ஓ.டி.யாகப் பார்க்கிறாயா என்று சூப்பர்வைசர் கேட்டார். பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.