மரணப் பதிவில் வேறு பெயர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. இருபது வயதில் பல்லியைக் கண்டால் பயம், போலீஸ்காரரைக் கண்டால் பயம். ரங்கூன் டிராம் வண்டி மணியடித்தால் கைக்குழந்தையோடு சாக்கடை ஓரம் ஒதுங்கி நின்றுவிடுவேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். அவர் போன பிறகு சிரிக்க ஆள் இல்லை, பயம் மட்டும் கூடவே தங்கிவிட்டது.

அவருக்கு நகரசபையில் ரோட்டு வேலை. ஊர் ஓரத்தில் தாமுவேயில் வேலையாட்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மழை தொடங்கிய புதிதில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கூட வேலை பார்த்த ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மாட்டு வண்டி பிடித்து எங்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்தார். வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

உள்ளே பதிவு எழுதுகிறவர் தமிழ் ஆள்தான். "பேரு?" என்றார். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். யாரும் இல்லையென்றால் சாடையாகச் சொல்லுவோம். நானும் அப்படியே, "குன்னு மேல நிக்கிற சாமி பேருங்க" என்றேன். அந்தச் சாமிக்கு எத்தனை பெயர் என்று உங்களுக்கே தெரியும். அவர் ஒன்று சொன்னார். அது இல்லை. இன்னொன்று சொன்னார். அதுவும் இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கீழே கிடந்த இவருக்கோ பேச்சில்லை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதாகச் சொன்ன பெயருக்குத் தலையை ஆட்டிவிட்டேன். எல்லாம் ஒரே சாமிதானே, முதலில் கட்டிலில் படுக்கவைக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்து மாமனார் பெயரைக் கேட்டார். அதையும்தான் சொல்லக்கூடாது. தெரியாது என்றேன்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். அண்ணன்தான் சுடுகாட்டுக்கு எடுத்துப்போய்க் கொள்ளி வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை எனக்கும் படிக்கத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. மடித்துத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ரோட்டு வேலை ஓவர்சியர் வந்து அந்தச் சீட்டைக் கேட்டார். நல்ல மனிதர். வாங்கி ஒருமுறை படித்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

"ஏம்மா, இது யாரு பேரு?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவன் செத்தது எனக்குத் தெரியும், லைன்ல எல்லாருக்கும் தெரியும். ஆபீசுக்குத் தெரியணுமே! அவன் பேருல சாவு பதிவாகலேன்னா, வேலைய விட்டு ஓடிப்போனவன்னு எழுதிருவாங்க. செத்தவன் குடும்பம் மழ முடியிற மட்டும் அறையில இருக்கலாம். ஓடிப்போனவன் குடும்பம் இருக்கக்கூடாது. திங்கக்கெழம கப்பல்ல புது ஆளுக வாராங்க, இந்த அறைய அவங்களுக்கு எழுதியாச்சு."

அன்று புதன்கிழமை. போன மழையில் எங்கள் லைனிலிருந்து ஒருத்தியை இப்படித்தான் வெளியேற்றினார்கள். அவள் புருஷன் நிஜமாகவே ஓடிப்போனவன். இரண்டு பிள்ளைகளோடு பானை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றாள். பிறகு அவள் எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒன்றிரண்டு பேர் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். என் மகளுக்கு அப்போது பத்து மாதம். அந்த இரவு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

அண்ணன் அதற்குள் வேலை மாறி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவுக்குப் போயிருந்தார். மறுநாள் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு சம்பான் படகில் ஏறினேன். ஆறு நிறையத் தண்ணீர், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. கண்ணை மூடியவள் அக்கரையில்தான் திறந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன், "நீ தலைய ஆட்டாம இருந்திருக்கலாமே தங்கச்சி" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க வண்டிய அப்புறமா விட்டிருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு புறப்பட்டார்.

சாவைப் பதிகிற ஆபீசுக்கு வெளியே மர நிழலில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, செத்த தேதி, இடம், வயது எல்லாவற்றையும் எழுதினார். சரியான பெயரை அண்ணன் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மனுவில் ஸ்டாம்பு ஒட்டி என் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

உள்ளே போனால் அன்றைக்கு ஆபீசர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை பாதி நாள்தான் ஆபீஸ். மறுநாள் ஞாயிறு, அதற்கு அடுத்து கப்பல் வந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் பார்க்கத் தெரியாது என்பதால் அண்ணனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனார்.

கடைசியில் கூப்பிட்டார்கள். ஆபீசர் பர்மாக்காரர், தலையில் பட்டுத் துணி கட்டியிருந்தார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா கோட்டுப் போட்ட தமிழர். அவர் பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். மனுவைப் படித்துக் காட்டினார். அண்ணன், தான்தான் கொள்ளி வைத்ததாகவும் செத்தது இன்னார் என்றும் சொன்னார். ஆபீசர் பர்மியில் ஏதோ கேட்க, குமாஸ்தா என் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரியில பேரு குடுத்தது நீதானே?"

"ஆமாங்க."

"பொய்ப் பேரு குடுத்தா ஜெயில், தெரியுமா?"

அண்ணன் குறுக்கே வந்து எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். குமாஸ்தாவுக்கு அது தெரியாததா? அவர் ஆபீசரிடம் நெடுநேரம் விளக்கினார், நடுவில் நம் ஊர் ஐயா மாதிரி "சயா, சயா" என்று பணிந்துகொண்டார். ஆபீசர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. காணாமல் போன ஆளை அடுத்தவன் சாவில் ஒட்டவைக்கிறவர்கள் நிறைய வருகிறார்களாம்.

"ஒருத்தரும் எடுத்துக் குடுக்கக்கூடாதாம். தப்பாச் சொன்ன வாயாலயே சரியாச் சொல்லணுமாம். சத்தியம் பண்ணிச் சொல்லு. ஒம் புருஷன் பேரென்ன?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆள் செத்துச் சாம்பலாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி எந்த ஆயுசு குறையும்? ஆனால் அந்தப் புத்தகத்தில் செத்திருந்தது வேறு யாரோ. என் வீட்டுக்காரர் அதில் இன்னும் சாகவில்லை. நான் வாயைத் திறந்தால்தான் சாவார். ஜெயிலுக்கும் அறைக்கும் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

"சொல்லும்மா, கதவடைக்கிற நேரமாச்சு" என்றார் குமாஸ்தா.

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

கத்திவிட்டேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசர் பேனாவை மையில் தொட்டுப் பழைய பெயரின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா அதைப் பார்த்து நகல் எழுத உட்கார்ந்தார். அந்த நகலைக் காட்டித்தான் மழை முடியும்வரை அந்த அறையில் இருந்தோம். அது பிறகு நடந்தது.

நான் கத்தியதும் இடுப்பில் இருந்த குழந்தை சிலிர்த்துக்கொண்டது. அண்ணனும் மற்றவர்களும் லைனில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் அப்பா உள்ளே வருவார், இல்லையென்றால் எங்கிருந்தாவது பதில் குரல் கொடுப்பார். அதுதான் அவளுக்குத் தெரியும். கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நானும் பார்த்தேன்.