மரியாமின் நிறத்தில் ஒரு படம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லண்டனில் ரயில் ஏறினேன். ஒரு வழிக்கு ஐம்பத்தொன்பது பவுண். கடலுக்கு அடியால் போய், வடபிரான்சின் தட்டை வயல்களுக்குள் வெளிப்பட்டு, பாரிஸ் நேரம் பத்து இருபதுக்கு ‘கார் து நோர்’ ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து, எங்கள் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நடந்தால் பத்து நிமிடம். நான் அரை மணித்தியாலம் எடுத்தேன். ஒன்பது வருடம் குடியிருந்த தெருவை வேகமாக நடந்து கடக்க எனக்கு மனம் வரவில்லை.

மேம்பாலத்தில் இரண்டாம் இலக்க மெட்ரோ அதே இரைச்சலோடு போனது. முருங்கைக்காய்ப் பெட்டிகள் நடைபாதையில் பாதியைப் பிடித்திருந்தன. நான் கோப்பை கழுவிய உணவகம் இப்போது கைபேசிக் கடை. கண்ணாடிக்கு உள்ளே எட்டிப் பார்த்து, கழுவுதொட்டி எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். விற்பனையாளர் என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டார். எனக்கே என்ன வேண்டுமென்று தெரியாமல் நடந்தேன்.

பக்கத்துக் கடையில் தேநீரும் ஒரு ரோல்ஸும் மூன்று யூரோ. கல்லாவில் இருந்த பெண் முல்லைத்தீவுப் பக்கம்.

“அண்ணை இஞ்சை முந்தி இருந்தனீங்களோ? எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்கிறியள்.”

“ஓம். இது ரொட்டிக் கடையா இருந்த காலத்திலை.”

“அப்ப நான் பிரான்சுக்கே வரேல்லை,” என்று சிரித்தார். எனக்கு வயதாகிவிட்டதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

நான் வந்தது ஊர் பார்க்க அல்ல. பாரிஸுக்கு வடக்கே சென் தெனியில் ஆவா என்ற பெண் கணினிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். பெற்றோர் செனகலில் இருந்து வந்தவர்கள். அந்த உணவகத்தில் நான் கோப்பை கழுவிய நாட்களில், படித்துக்கொண்டே வார இறுதியில் மேசை துடைத்தவள். மூடும் நேரத்தில் மிஞ்சிய கொத்துரொட்டியை ஒரே தட்டில் வைத்து நின்றபடி சாப்பிடுவோம். உறைப்பில் அவள் கண் கலங்கும். ஆனாலும் தட்டை விடமாட்டாள். பிறகு பெரிய மென்பொருள் அலுவலகம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தாள். அந்த மாடியில் கறுப்பினப் பெண் அவள் ஒருத்திதான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு எடுத்தாள். சென் தெனி, ஸ்தேன், லா கூர்னெவ் பகுதிகளின் ஆபிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். வருடத்தில் இரண்டு தடவை போய் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வழக்கமாக நிலையத்தில் இருந்து நேரே அங்கே போய்த் திரும்புவேன், லா சப்பலுக்குள் வந்து பல வருடமாகிறது.

இரண்டரை யூரோ டிக்கெட்டில் ஆர்.இ.ஆர். ‘டி’ புறநகர் ரயிலைப் பிடித்துப் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே வகுப்பு நடக்கவில்லை. எல்லோரும் மரியாமைச் சுற்றி நின்றார்கள். லா கூர்னெவ் அடுக்குமாடியில் வளர்ந்த, மாலி நாட்டுக் குடும்பத்துப் பெண், இருபத்தொரு வயது. சம்பளத்தோடு இரண்டு வருடம் படிக்கவைத்து வேலையும் தரும் ஒரு நிறுவனத்தின் நுழைவுச் சோதனை அன்றைக்கு. இணையத்தில்தான் எழுத வேண்டும். தொடங்குமுன் கமரா அவள் முகத்தைப் பார்த்து, பதிவுப் படத்தோடு ஒப்பிடும். இரண்டு தடவை “இது நீங்கள் அல்ல” என்று சொல்லிவிட்டது. மூன்றாம் தடவையும் சொன்னால் கதவு பூட்டு. ஆறு மணிக்குள் தொடங்காவிட்டாலும் பூட்டு.

“பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது சுலபம்,” என்றாள் ஆவா. “ஒவ்வொரு வாசலிலும் இப்படி ஒன்று நிற்கிறது. அதோடுதான் நான் மல்லுக்கட்டுகிறேன்.”

நாலு மணி தாண்டும்வரை உதவி எண்ணுக்கு அழைத்துக் கத்தியதில், படத்தை ஒருமுறை மாற்றலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். பதிவில் இருந்த படத்தைக் காட்டச் சொன்னேன். முதலில் மெட்ரோ நிலையத்துத் தானியங்கிப் படப்பெட்டியில் எடுத்ததில் முகமே தெரியவில்லையாம். கண் மட்டும் தெரிந்ததாம். அதனால் லா சப்பலில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறாள். அந்தப் படத்தைத் திறந்தாள். மரியாமின் மூக்கு, மரியாமின் வாய், ஆனால் தோல் மட்டும் பால்தேநீர் நிறம்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அது ஸ்டூடியோக்கார ரவியண்ணையின் கைவேலை. லா சப்பலில் கலியாணம் கட்டிய, பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியவீடு செய்த எவருக்கும் அந்த நிறம் தெரியும்.

மரியாமைக் கூட்டிக்கொண்டு திரும்ப ரயில் ஏறினேன். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். “வகுப்பில் நான்தான் முதலாவது,” என்றாள் ஒரு தடவை.

ரவியண்ணையின் ஸ்டூடியோவில் மாற்றமே இல்லை. அதே நீலத் திரை, சுவரில் அதே மாதிரி மணப்பெண்கள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நலம் விசாரிக்க நேரமில்லை, விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கியது. “நல்லா வரவேணும் எண்டுதானே தம்பி செய்தனான். எங்கட பிள்ளையள் எல்லாருக்கும் செய்யிறதுதான். கறுத்த பிள்ளை எண்டிட்டு இவவுக்கு மட்டும் குறைவா செய்யேலுமே?”

அவர் அதை மனதாரச் சொன்னார். லா சப்பலின் எத்தனையோ கடைகளில் எங்கள் ஆட்கள் ஆபிரிக்கர்களைக் கூப்பிடும் சொல்லை இங்கே எழுதமாட்டேன். அந்தச் சொல்லை ஒருநாளும் வாயில் எடுக்காத மனிசன் இவர். எங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் மரியாதையை அவளுக்கும் குறைவில்லாமல் செய்திருக்கிறார்.

நான் மொழிபெயர்த்தேன். மரியாம் கோபிக்கவில்லை. “இந்தப் படத்தை என் அம்மாவிடம் காட்டினேன்,” என்றாள் பிரெஞ்சில். “யார் இந்தப் பிள்ளை என்று கேட்டார். கமரா கேட்டதில் என்ன பிழை, மிஸ்யூ?”

இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ரவியண்ணை உள்ளே போய் இன்னொரு விளக்கைத் தூக்கி வந்தார். ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தார், மற்றதைத் தாழ்த்தினார், திரையை வெளிர் சாம்பலாக மாற்றினார். ஆறேழு படம் எடுத்தார். கணினியில் ஏற்றியதும் கை பழக்கத்தில் நிறம் கூட்டும் இடத்துக்குப் போனது. மரியாம், “இப்படியே இருக்கட்டும்,” என்றாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தார்.

“கன்னத்திலை ஒரு மினுக்கம் இருக்குது, கண்டியளே,” என்றார் என்னிடம். “நான் தொட்டிருந்தா அது போயிருக்கும்.”

சென் தெனிக்குத் திரும்ப நேரம் போதாது. திரைக்கு முன்னால் இருந்த முக்காலியிலேயே மடிக்கணினியை வைத்தோம். அல்பம் எடுக்க வந்த ஒரு குடும்பத்தை ரவியண்ணை வாசலோடு அனுப்பிவிட்டு இரும்புக் கதவைப் பாதி இறக்கினார். புதிய படம் ஏறியது. மரியாம் கமராவைப் பார்த்தாள். மூச்சு விடவும் பயந்தாள் போலிருந்தது. பச்சை அடையாளம் வந்து முதல் கேள்வி திறந்தது. அவள் எழுதி முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் வெளியே நடைபாதையில் நின்று குசுகுசுத்தோம். பழைய ஆட்களில் யார் செத்தது, யார் கனடா போனது என்றெல்லாம் சொன்னார்.

ஞாயிறு இரவே லண்டன் வந்துவிட்டேன். மரியாமுக்கு இடம் கிடைத்தது என்று செவ்வாய்க்கிழமை ஆவா செய்தி அனுப்பினாள். சமையலறையில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நடந்த கதை முழுவதையும் சொன்னேன். அவள் சிரித்து மகிழ்வாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, கூடத்துச் சுவரைப் பார்த்தாள். எங்கள் கலியாணப் படம் அங்கே தொங்குகிறது. அதுவும் ரவியண்ணை எடுத்ததுதான். என் மனைவி நல்ல கறுப்பு. படத்தில் என் பக்கத்தில் நிற்பவள் வெளிறிய சந்தன நிறம். இருபத்திரண்டு வருடமாக அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை.

“உமக்கு அந்தப் படம் பிடிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“அல்பம் வந்த அண்டைக்கு நீங்கள் நல்லா இருக்கெண்டு சொன்னனீங்கள்,” என்றாள். “இப்பிடி ஒருத்தியைத்தான் நீங்கள் கட்ட ஆசைப்பட்டனீங்களாக்கும் எண்டு நினைச்சன்.”