எட்டு மிதவை, எட்டு நிறுத்தம்

ஒரு கண்டக்டரின் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டு, "ஆபத்துன்னா மட்டும்தான் இதை ஊதணும்" என்று சொல்வது எவ்வளவு பெரிய விபரீதம் என்று அந்தப் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கவில்லை. கடலில் இறங்கும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு விசிலையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அவரும் அப்படித்தான் கொடுத்தார். பாவம், அவர் பஸ்ஸில் அதிகம் போனதில்லை போலிருக்கிறது.

கண்டக்டருக்கு நாற்பத்தொரு வயது. பதினான்கு வருடமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் வேலை. ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டு டிக்கெட் கிழிப்பாள். முன்வாசலிலிருந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், டிக்கெட் வாங்காமல் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ஆர்வமாக வேடிக்கை பார்ப்பவர் யார் என்று சொல்லிவிடுவாள். டிப்போவில் அவளுக்குப் பெயர் 'விசில்'. ஒற்றை விசில் என்றால் பஸ் நிற்கும். இரட்டை விசில் என்றால் கிளம்பும். பதினான்கு வருடமாக அந்த விசிலுக்குக் கட்டுப்பட்டு பஸ்ஸை ஓட்டியவர் ஒருவர்தான், டிரைவர் அக்கா. இருவரும் ஒரே ஷிஃப்ட், ஒரே தடம். தேநீர்கூட ஒரே ஃப்ளாஸ்க்கிலிருந்து.

விசிலுக்கும் ஒரு காலத்தில் டிரைவர் ஆகும் ஆசை இருந்தது. மூன்று முறை தேர்வுக்குப் போனாள். முதல் முறை வண்டி கிளம்பவில்லை. இரண்டாம் முறை நிற்கவில்லை. மூன்றாம் முறை ரிவர்ஸ் எடுத்தபோது, டிப்போவின் பின்மூலையில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் நின்றுகொண்டிருந்த ஒரு சிமெண்ட் தூணைத் தேடிப்போய் இடித்தாள். தூண் இன்றும் சாய்ந்தேதான் நிற்கிறது. 'விசில் தூண்' என்றால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக்கூடத் தெரியும். அதற்குப் பிறகு கடையில் தள்ளுவண்டிக் கூடையைத் திருப்பும்போதுகூட அவள் ஒரு கணம் தயங்குவாள்.

அப்படிப்பட்டவள் கடலில் கயாக் என்னும் துடுப்புப் படகை ஓட்டக் கிளம்பியதற்குக் காரணம் அவள் தம்பி. விபத்துக்குப் பிறகு அவன் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். வீட்டு மேசையிலேயே கைபேசிகளைப் பழுதுபார்க்கிறான். வாரம் இரண்டு நாள் சிகிச்சை நிலையத்தின் வெந்நீர்க் குளத்தில் இறக்குவார்கள். அந்த வெதுவெதுப்பில் அவன் இடது கால் லேசாக அசையும். வேறு எங்கேயும் அசையாத கால் அது. ஆறு மாதத்துக்கு முன் குளத்தின் ஹீட்டர் செத்துப்போனது, குளத்தையும் மூடிவிட்டார்கள். புதிய ஹீட்டருக்கு நிதி திரட்டத்தான் இந்தக் கயாக் பயணம்: பன்னிரண்டு கிலோமீட்டர், ஒரு அணிக்கு இரண்டு படகு, ஒரு படகுக்கு இரண்டு பேர்.

"நீ கடல்ல போறியா?" என்று தம்பி கேட்டான். "அங்கயும் ஒரு தூண் இருக்குமே, கலங்கரை விளக்கம்னு. கவர்ன்மெண்ட் சொத்துக்கா, பாத்து."

"வாய மூடுடா."

"பஸ் பாஸ் செல்லுமான்னு கேட்டுக்கோ."

அணி ஒரே நாளில் சேர்ந்துவிட்டது. விசிலும் டிரைவர் அக்காவும் ஒரு படகு. டிப்போ மெக்கானிக்கும் டைம்கீப்பரும் இன்னொன்று. மெக்கானிக் எதையும் கறுப்பு டேப்பால் ஒட்டிவிடலாம் என்று நம்புகிறவர். டைம்கீப்பர் தும்மினால்கூட மணி பார்த்துக் குறித்துக்கொள்கிறவர்.

கடலுக்குப் போவதற்கு முன்பே டிப்போவில் பயிற்சி தொடங்கிவிட்டது. எஞ்சின் கழற்றப்பட்ட ஒரு பழைய பஸ்ஸின் கடைசி நீள இருக்கையில் நான்கு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்து, தரை துடைக்கும் மாப்புக் குச்சிகளால் காற்றில் துடுப்பு போட்டார்கள். மெக்கானிக்கின் குச்சி டைம்கீப்பரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. டைம்கீப்பரின் குச்சியில் ஈர மாப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அது டிரைவர் அக்காவின் காதில் போய் அப்பியது. பஸ்ஸைக் கழுவ வந்த ஆள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வாளியோடு அப்படியே திரும்பிப் போனான்.

கடலில் முதல் நாள். இரட்டைக் கயாக்கைக் கண்டதும் டிரைவர் அக்கா முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். விசில் பின்னிருக்கைக்குப் போனாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. பதினான்கு வருடப் பழக்கம்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கங்க," என்றார் பயிற்சியாளர். "முன்னாடி இருக்கறவங்க துடுப்பு போடுவாங்க, அவ்வளவுதான். சுக்கான் பெடல் பின்னாடிதான். பின்னாடி இருக்கறவங்க காலால அழுத்தித் திருப்பணும்."

விசில் தன் பாதங்களுக்குக் கீழே இருந்த இரண்டு பெடல்களைப் பார்த்தாள். கண் முன்னால் தூண் வந்து நின்றது.

"அக்கா, இடம் மாத்திக்கலாமா?"

"எடை பின்னாடி இருக்கணுமாம்டி. ஒன் சைஸுக்கு அதுதான் சரி."

"என்ன சைஸு? நீங்க மட்டும் என்ன, டீசல் இல்லாத வண்டியா?"

"சும்மா இரு. நான் முன்னாடி பாத்து ரைட்டு, லெஃப்ட்டுனு சொல்றேன். நீ அழுத்து. நான்தான் ஓட்டறேன்னு நெனச்சுக்கோ."

அந்தப் பேச்சில்தான் விசிலுக்கு மூச்சு வந்தது. முதல் நாள் இரண்டு பேரும் கரைக்கு முன்னால் வட்டம் போட்டார்கள். மூன்றாம் நாள் வட்டம் பெரிதானது. ஐந்தாம் நாள் அதில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட நேர்கோடு ஆகிவிட்டது. அக்கா "ரைட்டு! லெஃப்ட்டு!" என்று கத்துவது நாளாக நாளாகக் குறைந்தது, பிறகு நின்றே போனது. தப்பாகப் போனால்தானே அக்கா வாயைத் திறப்பார், பேசவில்லை என்றால் சரியாகப் போகிறோம் என்று அர்த்தம் என்று விசில் எடுத்துக்கொண்டாள். அக்கா எதையும் வேடிக்கைகூடப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு மீன் முழ உயரம் துள்ளி விழுந்தபோதும் அவர் தலை திரும்பவில்லை. டிரைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று விசில் பின்னாலிருந்து வியந்தாள்.

எட்டாவது வாரம் தகுதிச் சுற்று. ஆறு கிலோமீட்டர். வழியெங்கும் ஆரஞ்சு நிற மிதவைகள் எட்டு. எல்லா மிதவையையும் ஒட்டிப்போய், ஒன்றரை மணி நேரத்துக்குள் கரை திரும்ப வேண்டும். ஓர் அணியில் ஒரு படகு தவறினாலும் அணியே கிடையாது. மெக்கானிக்கும் டைம்கீப்பரும் முதலில் போய், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஒரு மணி இருபத்தைந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்து விசிலும் அக்காவும். பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். முதல் மிதவை அருகே படகு நின்றது. சற்று நேரம் சும்மா மிதந்தது. பிறகு கிளம்பியது. இரண்டாம் மிதவையிலும் நின்றது. மூன்றாவதிலும்.

கரையேறியபோது ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"நல்லாத்தானே போட்டீங்க?" என்றார் பயிற்சியாளர். "எதுக்கு ஒவ்வொரு மிதவைலயும் நின்னீங்க?"

விசிலும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ விசில் அடிச்சா," என்றார் அக்கா.

"நான் எங்கக்கா அடிச்சேன்?"

"ஒத்த விசிலு. நான் நிறுத்துனேன். அப்புறம் ரெட்ட விசில் வந்துச்சு, கெளம்புனேன்."

விசில் குனிந்தாள். தன் கை கழுத்து விசிலைப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். மிதவை கண்ணில் பட்டதும் ஊதியிருக்கிறாள், தனக்கே தெரியாமல். எட்டு முறை.

டைம்கீப்பர் நோட்டைப் புரட்டினார். "ஒரு நிறுத்தத்துக்குச் சராசரியா ஒண்ணேகால் நிமிஷம். நம்ம பதினேழாம் நம்பர் அட்டவணைல இருக்கற அதே நேரம்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மெக்கானிக் மணலில் உட்கார்ந்து சிரித்தார். உட்கார முடியாமல் படுத்தும் சிரித்தார். "யாராவது ஏறுனாங்களா?"

பயிற்சியாளரும் சிரித்தார். ஆனால் விதி விதிதான். அடுத்த ஞாயிறு இன்னொரு வாய்ப்பு, அது மட்டும்தான். அன்றும் தவறினால் டிப்போ அணியின் பெயரை அடித்துவிடுவார்.

வீட்டில் தம்பி கதையைக் கேட்டு நாற்காலி குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுத் தன் இடது காலைத் தொடையோடு தூக்கி நேராக வைத்துக்கொண்டான், யாரோ ஒருவருடைய சாமானை ஓரமாக நகர்த்துவது மாதிரி. எட்டு மாதமாக அந்தக் கால் அசையவில்லை. விசில் அன்று இரண்டு தோசைக்கு மாவு அளப்பதுபோல் அளந்து அளந்து பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் முன்னேற்பாடாக வந்திருந்தார். விசிலின் விசிலைக் கறுப்பு டேப்பால் நான்கு சுற்று சுற்றினார். "இனிமே எஞ்சின் வச்சு ஊதுனாலும் வராது."

ஒன்று, இரண்டு, மூன்று மிதவைகள் பறந்தன. ஒவ்வொன்றிலும் விசிலின் கை கழுத்துக்குப் போனது, டேப்பைத் தொட்டது, திரும்பி வந்தது. ஐந்தாவது தாண்டியபோது காற்று கொஞ்சம் தூக்கியது. ஆறாவது தாண்டியதும் வலது பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் படகு மூக்கை நிமிர்த்திக்கொண்டு நேராக அவர்கள் பாதையைக் குறுக்கே வெட்ட வந்தது.

அக்கா சொல்வார் என்று விசில் காத்திருந்தாள். அக்கா சொல்லவில்லை. ஒரே சீராகத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் பெரிதானது. விசில் விசிலை வாயில் வைத்து ஊதினாள். கன்னம் மட்டும்தான் உப்பியது.

அதற்கப்புறம் அவள் யோசிக்கவில்லை. வலது பெடலை அடிவரை மிதித்தாள். கயாக் ஒருக்களித்து, மோட்டார் படகின் பின்புறமாக வளைந்தது. அது கிளப்பிய அலை பக்கவாட்டில் வந்து தூக்கியது, இடது பெடல், பிறகு இரண்டும் சமமாக. மோட்டார் படகு அந்தப் பக்கம் போய்விட்டது. கயாக் நேராக நின்றது. ஏழாவது மிதவை சரியாக மூக்குக்கு நேரே இருந்தது.

"அக்கா!" விசிலின் குரல் கீச்சென்றது. "ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"எதப் பத்தி?"

"படகு வந்துச்சே, குறுக்க!"

"படகா? எப்ப?"

"எப்பவா? மூக்குக்கு முன்னாடி வந்துச்சு! நீங்க பாக்கல?"

அக்காவின் துடுப்பு நின்றது.

"கண்ண மூடிட்டிருந்தேன்," என்றார்.

"இப்பவா?"

"எப்பவும்தான். மொத வாரம் ஒரு அலை நேரா மூஞ்சிக்கு வந்துச்சு பாரு, அன்னிக்கு மூடுனதுதான்."

"ரெண்டு மாசமாவா?"

"என்னடி பண்றது? இந்த ரோட்டுல எதுவும் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. பிரேக்கும் இல்ல. சொன்னா நீ பயந்துருவன்னு சொல்லல."

"அப்ப இத்தன நாளா யாருக்கா ஓட்டுனது?"

"யாரு கால்ல பெடல் இருக்கு?"

விசிலுக்கு முதலில் விக்கல் மாதிரி ஒன்று வந்தது. அது சிரிப்பு. முன்னால் அக்காவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. இரண்டு பேரும் நடுக்கடலில், துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். சிரிப்பு ஓயும் நேரத்தில் அக்கா, "படகு பெருசா?" என்று கேட்டார். மறுபடி ஆரம்பித்தது. கரையில் டைம்கீப்பர் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பது சின்னதாகத் தெரிந்தது.

அதைப் பார்த்ததும்தான் விசிலுக்குச் சுரீரென்றது. டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்த்துக் கடலில் விழாமல் ஜாக்கெட்டுக்குள் செருகினாள்.

"அக்கா, கண்ண மூடிக்கங்க. நான் பாத்துக்கறேன்."

இரட்டை விசில்.

அதைக் கேட்டதும் அக்காவின் கைகளுக்கு உயிர் வந்தது. கயாக் பாய்ந்தது. ஏழாவது மிதவை ஓடிப்போனது. எட்டாவதின் மேல் ஒரு கடற்பறவை உட்கார்ந்திருந்தது. விசிலின் உதடு ஒற்றை விசிலுக்குக் குவிந்தது. அவள் விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினாள்: "இங்க நிக்காது! எக்ஸ்பிரஸ்!"

பறவை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பயணி மாதிரி அவர்களைப் பார்த்தது.

படகு மணலில் ஏறியபோது டைம்கீப்பர் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். "ஒரு மணி இருபத்தெட்டு!" என்று அலறினார். "பதினேழாம் நம்பர் இதுக்கு முன்னாடி நேரத்துக்கு வந்ததே இல்ல!" மெக்கானிக் அவரைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்.

பயிற்சியாளர் பதிவுத் தாளை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள். முதலாவது: 'படகைச் செலுத்துபவர்'. இரண்டாவது: 'உடன் துடுப்பு போடுபவர்'. பேனா பழக்கதோஷத்தில் டிரைவர் அக்காவின் கைக்குத்தான் போனது. டிப்போ வருகைப் பதிவேட்டில் பதினான்கு வருடமாக முதல் கட்டத்தில் கையெழுத்து போட்ட கை அது. அக்கா தாளைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், இரண்டாவது கட்டத்தில் கிறுக்கிவிட்டுப் பேனாவைத் தள்ளினார்.

"போடு. என்ன முழிக்கற? தூண் எதுவும் வராது."

விசில் போட்டாள். ஈரக் கையில் மை கொஞ்சம் பரவியது. பயிற்சியாளர் தாளை ஊதிக் காயவைத்தபடி, பயணம் இதே பாதையில்தான், தூரம் மட்டும் இரட்டிப்பு, மிதவை பதினாறு என்றார்.

"பதினாறா?" மெக்கானிக் அவசரமாகப் பையில் டேப்பைத் தேடினார்.

டிரைவர் அக்கா விசிலின் முன்னால் வந்து நின்று, உள்ளங்கையை நீட்டினார்.

"என்னக்கா?"

"ஒரு டிக்கெட் குடு. பதினாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் பாசஞ்சரா ஏறப் போறேன்."

"உள்ள போங்க," என்றாள் விசில். "படிக்கட்டுல நிக்காதீங்க."