பாகாயத்தில் முடிச்சுப் போட்ட எலும்பு

பேத்தியின் கை எப்படி உடைந்தது என்று தெரிந்துகொள்ள, இந்த மார்கழியில் ஆம்பூரிலிருந்து வேலூரை அடுத்த பாகாயம் போய் வந்தோம். இப்படிப்பட்ட குழந்தையோடு போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. ஒவ்வொரு எழுத்தும் இனிப்பாக இருப்பதால் மெதுவாகத்தான் வரும்.

பேத்திக்கு ஏழு மாதம். முதலில் தொடை எலும்பு உடைந்தது, அடுத்து கை. என் மகள் ஸ்டெல்லா குழந்தையைக் கீழே போட்டுவிட்டு மறைக்கிறாள் என்று சம்பந்தி அம்மா முடிவு கட்டிவிட்டார். "டாக்டரும் அதையே சொல்லிட்டா கொழந்தைய நாங்க வெச்சிக்கிறோம். நீ உங்கப்பா வூட்டுக்குப் போய்டு" என்று சொல்லியும் விட்டார். என் மருமகன் ஜேம்ஸுக்குத் தோல் தொழிற்சாலையில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. டாக்டர் வாயால் கேட்கவே அவர் கூட வந்தார். வழியெல்லாம் ஸ்டெல்லாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

காலை ஏழு மணி பஸ். வேலூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பின் சீட்டில் உட்காராதீர்கள், தூக்கிப் போடும். பாலாற்றில் தண்ணீர் இல்லை. கரைக்குக் கரை பனிதான் ஓடிக்கொண்டிருந்தது.

வேலூரிலிருந்து ஆட்டோ. மெதுவாகப் போகச் சொன்னேன்.

"இன்னா பெருசு, தேரா இழுக்கறோம்?"

"கொழந்தைக்கு எலும்பு வீக்குப்பா."

"சுண்ணாம்புச் சத்து கம்மியா இருக்கும். முட்டை ஓட்ட அரைச்சிக் குடு."

"அதெல்லாம் எங்கம்மா ஜாஸ்தியாவே குடுத்துச்சி" என்றார் ஜேம்ஸ்.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்த டாக்டர் அம்மா, அன்று பாகாயத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடல் உறுப்புக் கண்காட்சியில் இருந்தார். பொதுமக்கள் பார்க்கும் நாள். எங்களை அங்கேயே வரச் சொல்லியிருந்தார்.

நீளமான அறை. மருந்து நெடி. வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளுக்குக் கீழே தமிழில் அட்டைகள் இருந்தன. நானே படிக்கலாம் என்ற குஷியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றின் முன் நின்று வாய்விட்டுப் படித்தேன்: "மனிதக் கால் எலும்பு. அமிலத்தில் ஊறியது." முழுதாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். ஜாடிக்குள் ஒரு மனிதரின் எலும்பு, கயிறு போல முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

பக்கத்துத் தட்டில் இன்னொன்று: "தீயில் எரித்தது." வடிவம் மாறாமல் வெள்ளையாகக் கிடந்தது. யாரோ நடந்துபோன அதிர்வில் 'டிக்' என்று ஒரு துணுக்கு தானாக விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் என் உடம்புக்குள்ளேயே பல முறை கேட்டிருக்கிறேன். வலி அதற்கு அப்புறம்தான் வரும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதெல்லாம் மாவுக்கட்டிலேயே போய்விட்டது.

டாக்டர் அம்மா வந்ததும் குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாவின் கண்கள். "ஐயா, நீங்க கண்ணாடியக் கழட்டுங்க." கழற்றினேன். எதிரே ஜாடியில் எங்கள் மூன்று பேர் முகமும் தெரிந்தது. கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிர்நீலம். நடுவில் அந்த முடிச்சு.

"இந்த நீலக் கண்ணும் எலும்பு உடையறதும் சேர்ந்து பரம்பரையா வர்றது" என்றார். "குழந்தைக்கு சுண்ணாம்பு குறைவு இல்லை. எலும்புல ரெண்டு பொருள் இருக்கு. ஜாடியில இருக்கிறதுல சுண்ணாம்பு போய், கொலாஜன்னு ஒரு நார் மட்டும் மிச்சம். அதான் வளையுது. எரிச்சதுல நார் போய், சுண்ணாம்பு மட்டும் மிச்சம். அதான் உதிருது. நார் சுண்ணாம்பத் தாங்கும், சுண்ணாம்பு நாருக்கு உறுதி குடுக்கும். உங்க குடும்பத்துல அந்த நார்தான் பழுது. சுண்ணாம்பு நெருக்கி அடைச்சிருக்கும். எலும்பு கெட்டிதான், ஆனா வளைஞ்சு குடுக்காது. விரிசல் விட்டா நடுவுல நிறுத்த நார் இல்லை."

தோலில் இருப்பதும் அதே நார்தான் என்றதும் ஜேம்ஸ் தலை நிமிர்ந்தார்.

"அப்ப சரக்குலயே நார் இல்ல. நாங்க சுண்ணாம்பா கொட்டினு இருந்திருக்கோம்."

"ஆமாங்க. இவங்க கீழ போடல. சும்மா தூக்கினாலே உடையும்."

ஜேம்ஸ் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார். "பொண்ணு பாக்க வந்தப்ப இந்தக் கண்ணப் பாத்துதான் சரின்னேன்" என்றார்.

"இப்ப இன்னா சொல்ற?" என்றாள் அவள்.

அவர் போனை எடுத்தார். "யம்மா, யாரும் கீழ போடல. ரெண்டு பேரையும் நம்ம வூட்டுக்குக் கூட்டினு வர்றேன்."

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால்: குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்காதீர்கள். துணி மாற்றும்போது காலைப் பிடித்து உயர்த்தாதீர்கள். விரித்த கை ஒன்று தலைக்கும் தோளுக்கும் அடியில், மற்றது இடுப்புக்கு அடியில். சுண்ணாம்பு மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். முழுதாகக் குணமாகாது, உடைவதைக் குறைக்க மருந்து உண்டு. யாரையும் குற்றம் சொல்லும் முன் கண்களைப் பாருங்கள். இத்தனை வயதில் என் உடம்பை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பயமாகவும் இருக்கிறது, குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது. குதிக்க மாட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் குழந்தை ஜேம்ஸின் இரண்டு கைகளிலும் கிடந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டார்.

"காசு மேல் பாக்கெட்ல இருக்குண்ணா, நீயே எடுத்துக்க. கைய எடுக்க முடியாது."

"இன்னாப்பா, கண்ணாடிச் சாமானா?"

"ஆமாண்ணா" என்றார் ஜேம்ஸ்.